வாசனை என்று ஒன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஷெர்லின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்காகக் கோயிலிலேயே தங்கிவிட்டாள். எபினேசர் மட்டும் தனியாக வீடு திரும்பினார். வடசென்னை காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் கீழே அவருடைய மளிகைக் கடை, மேலே வீடு. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. பேண்ட் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலிக்கு மாறினார். ஒரு டீ போட்டுக் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனார்.

பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பின் மேல் வைத்தார். லைட்டரைக் கையில் எடுத்தார். அப்போதுதான் டீத்தூள் டப்பா காலியாக இருப்பது தெரிந்தது. லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். மேல் தட்டில் துழாவினார். கீழே கடையில் டஜன் டஜனாக டீத்தூள் பாக்கெட் தொங்குகிறது, ஆனால் ஷட்டரைத் தூக்க சோம்பலாக இருந்தது. கடைசியில் சேமியா டப்பாவுக்குப் பின்னால் ஒரு பாக்கெட் கிடைத்தது. அதைப் பல்லால் கிழித்துக்கொண்டே அடுப்பைத் திருகப் போனார்.

"தொடாதீங்க!"

மாடிப்படியிலிருந்தே ஷெர்லினின் குரல் வந்தது. அவள் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. ஓடிவந்து அவர் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினாள். ஜன்னல்களை எல்லாம் தள்ளித் திறந்தாள். அவர் கையைப் பிடித்து மொட்டை மாடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"எவ்வளவு நேரமா உள்ள நின்னிய?"

"பத்து நிமிசம் இருக்கும். இன்னா ஆச்சு ஷெர்லி?"

"கேஸ் லீக் ஆவுது! தெருவாசல் வரைக்கும் நாத்தம் அடிக்கு. மூக்கு என்ன அடைச்சிருக்கா உங்களுக்கு?"

"இல்லியே. நல்லாத்தான் கீது."

அவள் அவரையே பார்த்தாள். போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

எதிர்வரிசையில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜாபர், எபினேசரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். ஷெர்லின் போன் போட்டதும் ஐந்தே நிமிடத்தில் பையோடு வந்துவிட்டார். அவர் மனைவி தாஹிராவும் பின்னாலேயே வந்தாள். ஜாபர் சோப்பு நுரையை ரப்பர் குழாயில் தடவி, ரெகுலேட்டரை லேசாகத் திறந்தார். குழாயின் நடுவில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"எலி கட்ச்சிருக்கு பாரு. நல்ல வேள, அண்ணி மூக்கு உன்ன காப்பாத்திச்சு." பழைய குழாயை உருவிவிட்டுப் புதியதை மாட்டினார். வேலை செய்துகொண்டே பேசுவது அவர் பழக்கம். "ஒரு விசயம் தெர்யுமாடா எபி? இந்த கேஸுக்கு சொந்தமா வாசனையே கெடியாது. லீக் ஆனா நமக்குத் தெரியணும்னு கம்பெனிக்காரன் ஒரு மருந்த கலந்து அனுப்புறான். இந்தத் தொழில்ல எறங்கி பன்னெண்டு வருசம் கய்ச்சுதான் எனக்கே அது தெரிஞ்சுது."

"மருந்து கலந்தா எப்டிடா தெரியும்?"

"இன்னா கேள்வி இது? மூக்குல ஏறும்."

"கண்ணு எரியுமா?"

"கண்ணு எதுக்கு எரியப் போவுது? நாத்தம்டா. அயுவுன முட்டகோஸு மாதிரி."

"அதான் கேக்குறேன். எரியல, கூசல, இருமல் வரல. அப்பால மூக்குல இன்னாதான் ஏறுது?"

ஜாபர் சிரித்தார். தாஹிராவும் சிரித்தாள். எபினேசர் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தார். அதைப் பார்த்ததும் ஜாபர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"டேய், உனக்கு மெய்யாலுமே வாசன தெரியாதா?"

"தெரியாம இன்னா? தைலம் தேச்சா ஜில்லுன்னு கீது. மொளகா வறுத்தா நெஞ்சு கமறுது. எண்ணூர் பக்கம் போனா சில நாளு மூக்கு எரியுது. எல்லாம் தெரியுதே."

ஜாபர் தோளிலிருந்த துண்டை எடுத்து நண்பனின் கண்ணைக் கட்டினார். ஷெர்லின் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்தார்கள். எபினேசர் நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, "இன்னும் ஒண்ணும் வெக்கலியே" என்றார். காபித்தூள் வந்தது. ஒன்றுமில்லை. நெத்திலிக் கருவாட்டை அவர் மீசையில் உரசும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். "ஏதோ குத்துது. தொடப்பமா?" என்றார். தைலத்தை நீட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. "தோ, இது தைலம்!"

கட்டை அவிழ்த்ததும் அவர் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன் எதிரில் ஒரு தட்டில் வரிசையாக இருந்த பெருங்காயத்தையும் காபித்தூளையும் கருவாட்டையும் பார்த்தார்.

"இது அத்தினியும் உங்களுக்குத் தெரியுமா? கண்ண மூடினு?"

"தனித்தனியா தெரியும்ண்ணே," என்றாள் தாஹிரா மெதுவாக. "பக்கத்து வூட்டுல வெச்சிருந்தாக்கூட தெரியும்."

எபினேசர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. வாசனை என்பது ஒரு பேச்சு என்று அவர் நினைத்திருந்தார். 'மனசு கனக்குது' என்று சொல்கிறார்கள், யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. அதைப் போலத்தான் 'வாசனை தூக்குது' என்பதும். தட்டில் ஆவி பறந்தால் 'நல்ல வாசனை' என்று சொல்ல வேண்டும். எண்ணெய் ஆலை இருக்கும் மணலி வழியாகப் பஸ் போகும்போது எல்லோரும் மூக்கைப் பொத்தினால் நாமும் பொத்த வேண்டும். அப்படித்தான் ஊரே நடந்துகொள்கிறது என்று நம்பி, அவரும் ஒழுங்காக நடந்துகொண்டார்.

ஜாபரும் தாஹிராவும் போன பிறகு ஷெர்லின் தட்டிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக அலமாரியில் எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப மல்லிப்பூ?"

கல்யாணமாகி இருபத்தோரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் எபினேசர் மனைவிக்கு மல்லிகைச் சரம் வாங்கி வருவார். அவள் தலையில் வைத்ததும் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்து, "ஆகா" என்பார்.

"எல்லாரும் அப்டித்தான செய்றாங்க," என்றார் அவர்.

"மீன் கொழம்பு? தெருமுனைக்கு வரும்போதே வாசனை இழுத்துச்சுன்னு சொல்லுவியளே, அது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஞாயித்துக்கெழம மீனுதான் வெப்பேன்னு தெரியும் ஷெர்லி."

ஷெர்லின் திசையன்விளைப் பக்கத்துப் பெண். தேங்காயும் சீரகமும் அம்மியில் அரைத்து வைக்கும் குழம்புக்காக அவள் பிறந்த வீட்டில் சண்டையே நடக்கும். வடசென்னைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் பாஷையும் புரியாமல், தெருவும் பிடிக்காமல் அழுதுகொண்டிருந்தவள், புருஷன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே காலூன்றினாள்.

"இருவத்தோரு வருசமா ஒரு செவுத்துக்குக் கொழம்பு வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் கஞ்சியும் துவையலும்தான். "எதுக்கு மெனக்கெடணும்?" என்று பாத்திரத்திடம் சொன்னாள். எபினேசர் கஞ்சியில் ஊறுகாயைக் கலந்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, குறை எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். அதில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. எல்லாவற்றிலும் ஊறுகாயும் அப்பளமும் சேர்த்துக்கொள்ளும் மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்பது இப்போதுதான் புரிந்தது. உறைப்பும் புளிப்பும் மொறுமொறுப்பும்தான் அவருக்குச் சாப்பாடு.

தாம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் ஐரீனுக்கு விஷயத்தைப் போனில் சொன்னபோது, அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்பாவுக்கு ஏதோ கம்மியா தெரியும்னு எனக்கு ஸ்கூல் படிக்கும்போதே ஒரு சந்தேகம்மா. நீ கூட்டத்துக்குப் போற அன்னிக்கெல்லாம் நான் திருட்டுத்தனமா நூடுல்ஸ் செஞ்சு துன்னுவேன். அப்பா பக்கத்து ரூம்லதான் இருப்பாரு. ஒரு நாளும் மாட்டுனது இல்ல. சளின்னு நெனச்சேன்."

"நீயும் எங்கிட்ட சொல்லல," என்று ஷெர்லின் அவள்மேலும் கோபப்பட்டாள்.

வியாழக்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, மூளையில் வாசனையைப் பிடித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு பகுதி ஒன்று அவருக்குப் பிறவியிலேயே வளரவில்லை என்று சொன்னார். மருந்து கிடையாது. ஆபத்தும் கிடையாது. கேஸ் அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், பழைய சாப்பாட்டை வேறு யாராவது பார்த்த பிறகு சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

"என்ன மாதிரி வேற யாராச்சும் இருக்காங்களா டாக்டரம்மா?"

"நெறைய பேர் இருக்காங்க சார். பிறவிலயே இருக்கறதால வித்தியாசம் தெரியாது. காலேஜ் போற வயசுல, கல்யாணமான பிறகுன்னு வருவாங்க. நீங்க கொஞ்சம் லேட்." டாக்டர் சிரித்தார். "சின்ன வயசுல வீட்ல யாரும் கவனிக்கலையா? எதுவுமே நடக்கலையா?"

எபினேசர் முதலில் இல்லை என்றுதான் தலையாட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்து நிறுத்தினார்.

"ஒரு வாட்டி சீமெண்ண..." என்று தொடங்கினார்.

அவருக்கு அப்போது பத்து வயது. தெற்கிலிருந்து பிழைக்க வந்த அவர் அப்பா இதே கடையில் கல்லாவில் இருந்தார். லீவு நாட்களில் எபினேசர்தான் சர்க்கரை பொட்டலம் கட்டுவார். ஒருநாள் பக்கத்தில் இருந்த சீமெண்ணெய் டின் ஒழுகிச் சர்க்கரை மூட்டையின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. ஈரம் காய்ந்த பிறகு பார்த்தால் சர்க்கரை வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் அதைப் பொட்டலம் கட்டி விற்றுவிட்டார். மறுநாள் காலையில் ஏழெட்டுப் பெண்கள் பொட்டலத்தோடு கடை வாசலில் வந்து நின்றார்கள். அப்பா ஒரு பிடி சர்க்கரையை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் மகனை அறைந்தார். "மூக்கை எங்கலே வெச்சிருந்த?" என்று கேட்டார். தான் பொறுப்பில்லாதவன் என்று எபினேசர் அன்றைக்கு முடிவு செய்துகொண்டார். எல்லோரும் கவனிக்கும் எதையோ தான் மட்டும் கவனிப்பதில்லை என்று நினைத்தார்.

பெரியவராகிக் கடைக்கு வந்த பிறகு அவர் தன்னை நம்பவே இல்லை. நெய் டின்னைத் திறந்தால் முதலில் வாடிக்கையாளரிடம் நீட்டுவார். "நீங்களே மோந்து பாத்து வாங்குங்க." நல்லெண்ணெய், கருவாடு, பெருங்காயம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். யாராவது எண்ணெய் காறல் என்று திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக் கொடுப்பார். எபினேசர் கடையில் கலப்படம் இருக்காது என்று மார்க்கெட் முழுக்கப் பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஷெர்லினுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்போ கவனக்குறைவு இல்லதான டாக்டரம்மா?" என்று எபினேசர் கேட்டார். நாற்பத்தெட்டு வயது மனிதர் கேட்பதுபோல இல்லை அது.

"இல்ல சார். கண்டிப்பா இல்ல."

வெளியே வராந்தா பெஞ்சில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது அவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று. ஷெர்லின் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐரீன் பொறந்தன்னைக்கு அவ தலையை மோந்து பாருங்கன்னு நான் சொன்னேன். நீங்க மூக்கை வெச்சிட்டு அழுதிய. அதுவும் எல்லாரும் அழுவாங்கன்னா?"

"அது வேற," என்றார் எபினேசர். "தல சூடா இருந்திச்சு. உச்சில எலும்பு சேராத எடத்துல மெத்துன்னு ஏறி எறங்கிச்சு. மூக்கு நுனில பட்டுது. இதத்தான் சொல்றா போலன்னு நெனச்சேன். இத்த ஏன் முன்னாடியே யாரும் எனக்கு சொல்லலன்னுதான் அயுதேன்."

ஷெர்லின் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தேங்காயை நைசாக அரைக்காமல் கொஞ்சம் கொரகொரப்பாக விட்டாள். மீனைத் தோல் முறுகும்வரை தனியாக வறுத்து வைத்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக எபினேசர் ஊறுகாய் ஜாடியைத் தேடவில்லை.

ஆனால் கடை விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. மூக்கில்லாத மளிகைக்காரனிடம் யார் மசாலா வாங்குவார்கள்? வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று ஷெர்லினிடம் கேட்டுக்கொண்டார். அதற்குள் தாஹிரா பிலோமியிடம் சொல்லியிருந்தாள். பிலோமி காசிமேட்டில் மீன் எடுத்துக் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் விற்பவள். அவளிடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

சனிக்கிழமை காலை கடையில் கூட்டமான நேரம். பிலோமி இடுப்பில் கூடையோடு வந்து, அவர் முகத்துக்கு நேராக அதை நீட்டினாள்.

"நைனா, இத்த மோந்து சொல்லு, இன்னா மீனு?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். விஷயம் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டார்கள். எபினேசரின் முகம் சிவந்தது. கையிலிருந்த துவரம் பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டு உள் அறைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டார். பிலோமிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐய, இன்னா இது, கோச்சுக்கினாரா? நான் சும்மா தமாசுக்குக் கேட்டேன்." கூடையை இறக்கி வைத்துவிட்டு உள் அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "நைனா! நீ வெளிய வா. உனக்கு மூக்குதான் தெரியல. எனக்கு மூளயே இல்ல, கேளு. மெட்ரோ டேசன்ல லிப்ட்டு கீது இல்ல? நான் நடு மாடில நின்னுகினு கீழ போவணும். லிப்ட்டு கீழ கீது. மேல வாடான்னு அத்த கூப்புடணும் இல்ல? அதுக்கு மேல் பட்டன அமுக்குவேன். அது வரும். நான் ஏறுவேன். கீழ போறவன் ஒரு ஆளும் கூட ஏறமாட்டான், அது மொதல்ல மேல போவும். எல்லாரும் என்ன ஒரு மாதிரியா பாப்பாங்க. ரெண்டு வருசம் கய்ச்சு ஒரு பாப்பா சொல்லுது, 'ஆயா, நீ எங்க போவணுமோ அத்த அமுக்கு'ன்னு!"

கடை அதிரச் சிரித்தது. பிலோமியும் தொடையைத் தட்டிச் சிரித்தாள். வாசலில் நின்றிருந்த எத்திராஜ் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். அவர் பழைய கார் ஒன்று வாங்கி ஆறு வருடமாயிற்று.

"அக்கா, என் கதயக் கேளு. ஒவ்வொரு வாட்டியும் பெட்ரோல் பங்குல எறங்கி, டேங்கு மூடி எந்தப் பக்கம் கீதுன்னு சுத்தி வந்து பாப்பேன். போன மாசந்தான் பங்குல ஒரு பையன் காட்டுறான். டயல்ல பெட்ரோல் படம் இருக்கு இல்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு குட்டி அம்புக்குறி. அது காட்டுற பக்கம்தான் மூடியாம். லாரி ஓட்டி எத்தினி வருசம் ஆச்சு எனக்கு!"

ஷெர்லின் கல்லாப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள் அறைக் கதவருகே எபினேசரின் சட்டை நுனி தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவள் குரலைச் சற்று உயர்த்தினாள்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், யாரும் சிரிக்கக் கூடாது. இந்தக் கடையில வந்து நின்னு மூணு வருசம் வரைக்கும் ஜவ்வரிசின்னா வயல்ல வெளையுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். பேர்ல அரிசின்னு இருக்கு, வேற எப்படி நெனைக்க? பெறவு ஒரு பாக்கெட்டுல எழுதியிருந்ததைப் படிச்சேன். அது மரவள்ளிக் கெழங்கு மாவுல செய்யுததாம். எங்க ஊர்ல தெனமும் அவிச்சுத் திங்கது அந்தக் கெழங்கு! வெக்கப்பட்டு யார்ட்டயும் சொல்லல."

உள் அறையிலிருந்து எபினேசர் வேகமாக வெளியே வந்தார். அவர் முகத்தில் வருத்தமெல்லாம் போய் வெறும் திகைப்பு மட்டும் இருந்தது.

"ஜவ்வரிசி கெயங்கா?"

கடையிலிருந்த எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நைனா," என்றாள் பிலோமி, "எத்தினி வருசமா நீ ஜவ்வரிசி விக்கிற?"

எபினேசர் யோசித்துப் பார்த்தார். "அப்பா காலத்தயும் சேத்தா, நாப்பது வருசம் ஆவுது."

ஷெர்லின்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், கல்லாவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எபினேசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜவ்வரிசி மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் சிரிக்கத் தொடங்கினால் தோள் இரண்டும் குலுங்கும், சத்தம் வராது. துவரம் பருப்புக்காகக் காத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். அன்றைக்குக் கடையை விட்டு யாரும் போய்விடவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அவர் டின்னை நீட்டும்போது, "இருக்கட்டும் நைனா, நான் பாத்துச் சொல்றேன்" என்று அவர்களாகவே வாங்கி முகர்ந்து சொன்னார்கள். அந்த வருடம் ஒரு பெட்டி பெருங்காயம் மட்டமானது என்று கண்டுபிடித்து மொத்த வியாபாரியிடம் திருப்பி அனுப்ப வைத்தது பிலோமிதான்.

சமையலறையில் கேஸ் அலாரம் வந்தது. ஜாபரே வந்து மாட்டினார். தாளிக்கும் புகைக்கெல்லாம் அது கத்திவிடுமோ என்று ஷெர்லின் பயந்தாள். அது ஒன்றும் கத்தவில்லை.

இரண்டு மாதம் கழித்து, புழலில் இருக்கும் ஷெர்லினின் தங்கை சுஜாவின் வீட்டுக்கு ஒரு மத்தியானம் பஸ்ஸில் போனார்கள். பஸ்ஸில் கூட்டமில்லை. எபினேசர் ஜன்னலோரம். மணலியை நெருங்கும்போது முன் சீட்டில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடினாள். எபினேசரின் கையும் பழக்கத்தில் பாதி தூரம் மேலே போனது. பிறகு மடியில் இறங்கிவிட்டது.

"இப்ப இன்னா?" என்று கேட்டார்.

"கரண்ட் வயர் கருகுன மாதிரி. அதோட அழுகுன முட்டை கொஞ்சம்."

"படா கலீஜா?"

"ரொம்ப இல்ல. இன்னைக்குப் பரவால்ல."

சற்று தூரம் போனதும் அவராகவே கேட்டார். "இங்க?"

"இப்ப போயிட்டு. ஒரு டீக்கடை. பஜ்ஜி போடுதான். எண்ணெய் பழசு."

இப்படியே வழி நெடுக அவர் கேட்டுக்கொண்டு வந்தார். மாதவரம் பக்கம் மாட்டுச் சாணம், ஒரு லாரி நிறைய வெங்காயம், தண்ணீர் தெளித்த மண். "மண்ணுக்குமா?" என்று ஆச்சரியப்பட்டார். மண்ணுக்கு, இரும்புக்கு, புதுத் துணிக்கு, பழைய நோட்டுப் புத்தகத்துக்கு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவும் நாள் முழுக்க மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தால் உங்களுக்கெல்லாம் தலை வலிக்காதா என்று கேட்டார்.

"ஆளுங்களுக்கும் உண்டா?"

"பின்ன? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு."

"மெய்யாலுமா? எனக்கும் கீதா?"

ஷெர்லின் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"உங்களுக்குக் கோணிச் சாக்கு. கொத்தமல்லி விதை. கொஞ்சம் சோப்பு. சாயங்காலமானா வேர்வை."

"அய்ய. நல்லாவே இல்லியே."

"நல்லா இருக்கணும்னு யாரு கேட்டா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க சரக்கெடுக்கத் தூத்துக்குடி போவியள்லா, நாலு நாள், அஞ்சு நாளுன்னு. அப்ப நீங்க கழட்டிப் போட்ட சட்டையைத் துவைக்க மாட்டேன். நீங்க வாறது வரைக்கும் தலைமாட்டுல வெச்சிருப்பேன்."

எபினேசர் திரும்பி அவளைப் பார்த்தார். முன்பு ஒரு தடவை அவர் சொல்லாமல் ஒருநாள் முன்னாலேயே ஊரிலிருந்து வந்திருந்தார். மத்தியானம். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சட்டென்று கீழே போட்டாள். அழுக்கா இல்லையா என்று பார்க்கிறாள், துவைக்கப் போடத்தான் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து இன்னும் நான்கு அழுக்குச் சட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அதை இப்போது அவளிடம் சொன்னார். அவளுக்கும் ஞாபகம் இருந்தது.

"நாலையும் உங்க மூஞ்சிலயே அடிச்சிருப்பேன். பெறவு பாவமேன்னு விட்டுட்டேன்."

"எத்தினி வருசமா இது நடக்குது?"

"கல்யாணமான அந்த வருசத்துலேருந்து."

எபினேசர் தன் சட்டையின் காலரை இழுத்து மூக்கில் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தார். காற்று உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அவர் சட்டென்று காலரை விட்டுவிடவில்லை. முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஷெர்லின் அவர் கையைத் தட்டிவிட்டாள். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது.

கண்டக்டர் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லிக் கத்தியபோதுதான் புழல் தாண்டிவிட்டது தெரிந்தது. அவசர அவசரமாக இறங்கினார்கள். நல்ல வெயில். திரும்ப ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். சுஜா போன் செய்து சாப்பாடு ஆறுகிறது என்றாள். ஷெர்லின் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, "உங்களால வந்தது, எல்லாம் உங்களால வந்தது" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். எபினேசர் சுஜாவுக்கு வாங்கிய பலகாரப் பையைக் கை மாற்றிக்கொண்டு, அவள்மேல் வெயில் படாதபடி மறைத்துக்கொண்டு சேர்ந்து நடந்தார்.